எட்டுக் காம்பராவும் ஏழு பேர்ச்சும்

"எலி வளையானாலும் தனி வளை வேண்டும்" என்பது நம் பெரியவர்கள் அடிக்கடி சொல்லும் பழமொழி. தோட்டங்களில் இதைப் பெரும்பாலும் பெண்களின் வாயில்தான் கேட்கலாம். மழைக்குத் தகரம் ஒழுகி, சட்டி பானைகளை நிரை நிரையாக வைக்கும்போது சொல்வார்கள். மகனுக்குக் கலியாணம் பேசி வந்த இடத்தில், "பொண்ணு வந்து எங்க படுக்கும்?" என்று கேட்டுவிட்டால், வீடு திரும்பும் வழியில் சொல்வார்கள்.

புளத்கொகுபிட்டிய, யட்டியந்தோட்டை, தெரணியகலை என்று கேகாலை மாவட்டத்தின் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் இந்தப் பேச்சு உண்டு. கீழே இறப்பர், மேலே தேயிலை, நடுவில் வரிசையாக லயம். ஒரே கூரை, எட்டு அல்லது பத்துக் காம்பரா, முன்னால் ஓர் இஸ்தோப்பு. நான்கைந்து தலைமுறை இதற்குள்ளே பிறந்து வளர்ந்திருக்கிறது.

ஆனால் சகோதரிகளே, ஓர் அறை வீட்டில் பிறந்ததை உலகில் எல்லோரும் வெட்கப்பட்டு மறைப்பதில்லை. தங்கள் தலைவர் அப்படிப்பட்ட ஒரு வீட்டில் பிறந்தார் என்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் நாடும் இருக்கிறது. அங்கே ஓர் அறை பெருமையாகவும் இங்கே ஓர் அறை வெட்கமாகவும் ஆனது எப்படி? இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்ப்போம்.

மரக்குற்றி வீட்டின் கதை

அமெரிக்காவின் பழைய கதைகளில் மரக்குற்றி வீடு ஒன்று தவறாமல் வரும். காட்டு மரங்களை வெட்டி, குற்றிகளை ஒன்றின் மேல் ஒன்றாகப் படுக்கவைத்துச் சுவராக்குவார்கள். மூலையில் குற்றியின் நுனியைக் கொத்திப் பள்ளமாக்கி, அடுத்த குற்றியை அதில் பொருத்துவார்கள். இப்படிப் பொருத்தினால் ஆணிகூட அதிகம் வேண்டியதில்லை. குற்றிகளுக்கு நடுவே தெரியும் இடைவெளியைக் களிமண்ணும் பாசியும் வைத்து அடைப்பார்கள். ஒரு பக்கம் அடுப்பு, அதற்கு மேலே புகைபோக்கி. பெரும்பாலும் ஒரே அறைதான்.

குளிரும் மரமும் நிறைந்த சுவீடன், பின்லாந்து நாடுகளின் கைவேலை இது. 1638இல் அமெரிக்காவின் டெலவெயர் ஆற்றங்கரையில் குடியேறத் தொடங்கிய சுவீடன், பின்லாந்து மக்கள் இதை அங்கே கொண்டுசென்றார்கள். ஒரு கோடரியும் இரண்டு மூன்று பேரின் உடல் பலமும் இருந்தால் போதும் என்பதால், பின்னால் வந்த மற்றவர்களும் இதையே பழகிக்கொண்டார்கள்.

ஆபிரகாம் லிங்கன் 1809இல் கென்டக்கி மாநிலத்தில் இப்படியான ஓர் அறை வீட்டில்தான் பிறந்தார். அவர் பிறந்த இடத்தில் இன்று பெரிய கல் மண்டபம் இருக்கிறது. அவர் வாழ்ந்த 56 ஆண்டுகளை நினைத்து 56 படிகள் கட்டியிருக்கிறார்கள். மண்டபத்துக்குள்ளே சின்னஞ்சிறு மரக்குற்றி வீடு ஒன்றை வைத்திருக்கிறார்கள். அந்தக் குற்றிகளின் வளையங்களை எண்ணிப் பார்த்தபோது, அவை லிங்கன் பிறந்த காலத்துக்குப் பிந்திய மரங்கள் என்று தெரிய வந்தது. அப்படியிருந்தும் மக்கள் இன்னும் படியேறிப் போய்ப் பார்க்கிறார்கள். ஏழையின் பிள்ளையும் நாட்டை ஆளலாம் என்ற நம்பிக்கைக்கு அந்தச் சிறு வீடு அடையாளமாகிவிட்டது.

அந்த அடையாளத்துக்கு எவ்வளவு மதிப்பு இருந்தது என்றால், இல்லாதவர்களும் அதைச் சொந்தம் கொண்டாடினார்கள். 1840ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தலில் வில்லியம் ஹென்றி ஹரிசன் என்பவரை மரக்குற்றி வீட்டு மனிதர் என்று சொல்லிச் சொல்லியே வாக்குக் கேட்டு வெற்றி பெற்றார்கள். உண்மையில் அவர் வர்ஜீனியாவில் பெரிய தோட்ட மாளிகையில் பிறந்தவர்!

அந்தச் சிறு வீட்டுக்கு இத்தனை மரியாதை வந்ததற்குக் காரணம் அதன் மரமோ அழகோ இல்லை. அது நின்ற நிலம்தான். 1862இல் அமெரிக்க அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. 160 ஏக்கர் நிலத்தைக் கேட்டுப் பதிந்துகொண்டு, அதில் ஒரு வீடு போட்டு, ஐந்து ஆண்டுகள் குடியிருந்து பயிர் செய்தால் அந்த நிலம் குடும்பத்துக்கே சொந்தம். குடும்பத் தலைவியாக இருக்கும் பெண்ணும், 21 வயது நிறைந்த மணமாகாத பெண்ணும் தம் பெயரிலேயே விண்ணப்பிக்கலாம். அந்த நிலம் செவ்விந்தியர்கள் என்று அழைக்கப்பட்ட ஆதிக்குடி மக்களிடமிருந்து பறிக்கப்பட்டது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஒருவரின் பெருமைக்குக் கீழே இன்னொருவரின் கண்ணீர் இருந்தது. என்றாலும், நிலம் கிடைத்தவர்களுக்கு அந்த மரக்குற்றி வீடு "இது என் சொந்தம்" என்று சொல்லும் முதல் அத்தாட்சியாக இருந்தது.

லூல்கந்துரையில் ஒரு துரை

மரக்குற்றி வீடு நமது மலைகளிலும் இருந்தது. காடு வெட்டிக் கோப்பி போட வந்த இளம் துரைமார் சிலர் முதலில் இருந்தது இப்படிப்பட்ட குடில்களில்தான். அவர்களில் ஒருவர் ஜேம்ஸ் டெய்லர். 1852இல் பதினாறு பதினேழு வயதுப் பையனாக ஸ்கொட்லாந்திலிருந்து வந்தவர். கண்டி மாவட்டத்தின் லூல்கந்துரைத் தோட்டத்தில் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். இலங்கைத் தேயிலையின் கதை அங்கேதான் தொடங்குகிறது. 1869இல் கோப்பிச் செடிக்கு வந்த நோய் பரவிப் பரவிக் கோப்பியை அழித்தபோது, தோட்டங்களைக் காப்பாற்றியது தேயிலைதான். அதன் பின்னர் தாழ்ந்த மலைகளில் இறப்பரும் வந்தது. 1876இல் கொண்டுவரப்பட்ட இறப்பர்க் கன்றுகளை முதலில் ஹெனரத்கொடைத் தோட்டத்தில் வளர்த்தார்கள். கேகாலை மாவட்டம் இறப்பர் மாவட்டமானது அதற்குப் பிந்திய கதை.

டெய்லரின் மரக்குற்றி வீடு இருந்த இடத்தை லூல்கந்துரையில் இன்றும் காட்டுகிறார்கள். சுற்றுலாப் பயணிகள் போய்ப் பார்க்கிறார்கள், படம் எடுக்கிறார்கள். அவரோடு காடு வெட்டியவர்கள் இருந்த குடில்களைத் தேடி யாரும் வருவதில்லை.

டெய்லரின் கதையின் முடிவு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. நாற்பது ஆண்டுகள் அந்தத் தோட்டத்தில் உழைத்த அவரையே 1892இல் கம்பனி வேலையிலிருந்து நிறுத்தி, வெளியேறச் சொன்னது. அவர் போக மறுத்தார். சில நாட்களில் வயிற்றுளைவு நோய் கண்டு, மே 2ஆம் திகதி தாம் இருந்த பங்களாவிலேயே இறந்துபோனார். தொழிலாளர்கள்தாம் அவரது உடலை மாறி மாறிச் சுமந்து கண்டிக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள்.

இலங்கைத் தேயிலையின் தந்தை என்று போற்றப்படும் துரைக்கே இந்தக் கதி. நிலம் கம்பனியுடையது, வேலை இருக்கும்வரைதான் கூரை. வேலையோடு கட்டிய வீடு எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அது சொந்த வீடு ஆகாது. துரை பங்களாவுக்கே இது பொருந்தும் என்றால், லயத்துக் காம்பராவைப் பற்றிச் சொல்ல வேண்டுமா?

லயம் வந்த வழி

தலைமன்னாரில் இறங்கிக் காடு கடந்து மாத்தளைக்கு நடந்து வந்த நம் முன்னோர், கோப்பிக் காலத்தில் பருவத்துக்கு வந்து பருவத்துக்குத் திரும்பிப் போனவர்கள். ஆகவே அவர்களுக்குக் கிடைத்தது தங்கும் இடம் மட்டுமே. தேயிலையும் இறப்பரும் வந்தபோது வேலை ஆண்டு முழுதும் ஆயிற்று. பெண்களும் பிள்ளைகளும் வந்தார்கள்; குடும்பங்கள் நிலைத்தன. தங்குமிடம் மட்டும் தங்குமிடமாகவே இருந்தது. ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகக் காம்பராக்கள். சில இடங்களில் முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயம். ஒரு காம்பரா பெரும்பாலும் பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதாவது 120 சதுர அடி.

இந்த லயத்தில் இருப்பவர் யார் என்பதற்குத் தோட்டத்தின் பெயர்ப் பதிவேடுதான் சாட்சி. ஒரு காலத்தில், துண்டு இல்லாமல் ஒரு தொழிலாளி இன்னொரு தோட்டத்தில் வேலைக்குச் சேர முடியாது. 1921இல்தான் அந்தத் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. பத்துச்சீட்டு கொடுத்துவிட்டால் சட்டி பானையோடு குடும்பம் ரோட்டுக்கு வரவேண்டியதுதான் என்ற பயம் அதற்குப் பிறகும் நெடுங்காலம் இருந்தது.

1930களிலிருந்து அரசாங்கம் காணியில்லாத விவசாயிகளுக்கு வறண்ட பிரதேசங்களில் காணி கொடுத்துக் குடியேற்றத் தொடங்கியது. அமெரிக்காவின் 160 ஏக்கர் சட்டத்துக்கு ஒப்பாக இங்கு நடந்தது என்று அதைச் சொல்லலாம். ஆனால் 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவர் ஆனார்கள். நாடற்றவருக்குக் காணி ஏது? 1964இல் செய்துகொண்ட சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் இலட்சக்கணக்கானோர் கப்பலேறினார்கள். அவர்களில் பலர் நீலகிரி மாவட்டத்தில் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் வேலைக்குச் சேர்ந்தார்கள். அங்கேயும் அவர்களுக்குக் கிடைத்தது வேலையோடு கட்டிய வீடுதான்.

இங்கே எஞ்சியவர்களின் குடியுரிமைச் சிக்கல் முழுமையாகத் தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இதற்கிடையில் 1970களில் தோட்டங்கள் அரசுடைமை ஆயின. 1992இல் நிர்வாகம் மறுபடியும் கம்பனிகளின் கைக்குப் போனது. நிலம் அரசுடையது, குத்தகை கம்பனியுடையது, காம்பராவில் இருப்பவர் தொழிலாளி. தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தவருக்கு இந்த மூன்றில் ஒன்றும் கையில் காகிதமாக இல்லை.

கூரையைத் தாங்கும் பெண்

லயத்து வாழ்க்கையின் பாரம் அதிகமாக விழுவது பெண்ணின் தலையில் என்பதை இந்த இதழின் வாசகிகளுக்கு விளக்க வேண்டியதில்லை. விடியுமுன் எழுந்து, அடுப்பு மூட்டி, றொட்டி சுட்டு, பிள்ளைகளை வெளிக்கிடுத்தி, கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு மலைக்கோ பால் வெட்டுக்கோ ஓட வேண்டும். பின்னேரம் வந்து மறுபடியும் அதே புகை. புகைபோக்கி இல்லாத குசினியில் ஈரவிறகு எரியும்போது இருமலும் கண்ணெரிச்சலும் முதலில் வருவது அவளுக்குத்தான்.

ஒரே காம்பராவில் மாமன், மாமி, மகன், மருமகள், வயதுக்கு வந்த பிள்ளை எல்லோரும் இருந்தால் உடை மாற்றுவதற்கே இருட்டை எதிர்பார்க்க வேண்டும். புதிதாய்க் கலியாணம் ஆனவர்கள் வாய்விட்டுப் பேசவும் முடியாது. சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் பெண்பிள்ளை, எல்லோரும் படுத்த பிறகு இஸ்தோப்பில் விளக்கை வைத்துப் படிக்கிறாள். மலசலகூடம் தூரத்தில் இருந்தால் இரவில் அவள் படும் பயம் தாய்க்கு மட்டுமே தெரியும்.

இவை எல்லாவற்றையும் விடப் பெரிய பாரம் ஒன்று உண்டு. காம்பரா வேலையோடு கட்டப்பட்டது. வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் பெயர் போட்டிருந்தால்தான் காம்பராவில் நிம்மதியாக இருக்கலாம் என்று குடும்பங்கள் நம்பி வந்திருக்கின்றன. அந்த ஒருவர் யார்? மகன் கொழும்பில் கடைக்குப் போகலாம். கணவன் வெளியில் மேசன் வேலைக்குப் போகலாம். கூடையைக் கட்டிக்கொண்டோ பால் வாளியைத் தூக்கிக்கொண்டோ தோட்டத்தில் நிற்பது தாய் அல்லது மருமகள். இடுப்பு வலித்தாலும் அட்டை கடித்தாலும் அவள் பெரட்டுக்குப் போவது சம்பளத்துக்காக மட்டும் அல்ல, குடும்பத்தின் கூரைக்காகவும்தான். அந்தக் கூரையில் அவள் பெயர் எங்கேயும் இல்லை.

ஒட்டிய சுவரின் உறவு

இதைச் சொல்லும்போது இன்னொரு பக்கத்தையும் மறைக்கக் கூடாது. லயம் வெறும் துன்பக் கூடு என்றால், அதை விட்டுப் போனவர்கள் அதை நினைத்து ஏங்க மாட்டார்கள். நீலகிரிக்குப் போன பாட்டிமார் சாகும்வரை "எங்க மேட்டு லயம்" என்று பேசினார்கள். கொழும்பில் மாடி வீட்டில் இருக்கும் பிள்ளைகள்கூடத் தீபாவளிக்குத் தேடி வருவது அந்த இஸ்தோப்பைத்தான்.

ஒரு காம்பராவில் நடுச்சாமத்தில் பிரசவ வலி வந்தால் எட்டுக் காம்பராவும் விழிக்கும். சாவு வீட்டில் அடுப்பு எரியாது. பக்கத்து வீட்டுச் சோறு வரும். பீலிக்கரையில் துணி துவைக்கும்போது ஒருத்தியின் முகம் வாடியிருந்தால் மற்றவள் கேட்காமல் விடமாட்டாள். குடித்துவிட்டு வந்து கை நீட்டும் கணவனுக்கு, சுவருக்கு அப்பால் ஒரு காது இருக்கிறது என்ற பயம் கொஞ்சமாவது இருக்கும். தனி வீட்டுக்குப் போன சில சகோதரிகள், "வீடு நல்லாத்தான் இருக்கு, கூப்பிட்டா ஆள்தான் இல்ல" என்று சொல்வது இதனால்தான்.

ஆகவே புதிய வீடு வேண்டும் என்று நாம் கேட்பது அந்த உறவைத் தூக்கி எறிவதற்காக அல்ல. சுவர் ஒட்டியிருந்ததால் வந்த ஒட்டுறவை, சுவர் பிரிந்த பிறகும் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். மாதர் சங்கமும் சீட்டும் கோயில் வேலையும் புதிய குடியிருப்பிலும் முதல் மாதத்திலேயே தொடங்கினால் இது நடக்கும்.

மலை சரிந்த நாட்கள்

சொந்த நிலம் இல்லாதவருக்கு, எங்கே வீடு கட்டுவது என்று தீர்மானிக்கும் உரிமையும் இல்லை. இதன் விலையை நாம் உயிராகக் கொடுத்திருக்கிறோம்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, பதுளை மாவட்டம் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று முன்னரே எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. ஆனால் போவதற்கு அவர்களுக்கு வேறு இடம் இருக்கவில்லை. தப்பியவர்கள் நீண்ட காலம் பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் தங்கியிருந்தார்கள்.

2016 மே 17ஆம் திகதி, கேகாலை மாவட்டத்தில் அரநாயக்க சாமசர மலை சரிந்து கிராமங்களை மூடியதை நாடே அறியும். அதே நாளில் புளத்கொகுபிட்டிய களுபஹன தோட்டத்திலும் மண் சரிந்தது. லயத்து வீடுகள் புதைந்து, நம் மக்கள் பலர் உயிரிழந்தார்கள். அரநாயக்கவின் பெரும் துயரத்துக்கு நடுவே களுபஹனவின் பெயர் பத்திரிகைகளில் சிறிதாகவே வந்தது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளியில் நாடு முழுவதும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மலைநாட்டு மாவட்டங்களில் மண்சரிவுகள் மறுபடியும் குடும்பங்களை விழுங்கின.

புதிய வீடு வரும் வரை நாம் கவனமாக இருப்போம். இந்த அடையாளங்களை வீட்டில் உள்ள எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும்:

- நிலத்திலோ சுவரிலோ புதிதாக வெடிப்புத் தெரிந்து அது அகலமாகிக்கொண்டு போதல்
- மரங்களும் மின்கம்பங்களும் ஒரு பக்கம் சாய்தல்
- கதவு, சன்னல் திடீரென்று இறுகித் திறக்க முடியாமல் போதல்
- இல்லாத இடத்தில் ஊற்றுக் கிளம்புதல். இருந்த ஊற்று கலங்குதல் அல்லது திடீரென்று நின்றுபோதல்

மழையின் அளவும் ஒரு கணக்கு. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இருக்க வேண்டும். 100 மில்லிமீற்றரைத் தாண்டினால் புறப்படத் தயாராக இருக்க வேண்டும். 150 மில்லிமீற்றரைத் தாண்டினால், அல்லது ஒரு மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால், சாமான்களைப் பார்க்காமல் வெளியேற வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இந்த அளவுகளை வைத்துத்தான் எச்சரிக்கை விடுக்கிறது. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ்கள், வங்கிப் புத்தகம், மருந்து ஆகியவற்றை ஒரு பொலித்தீன் பையில் கட்டிக் கதவருகே வைத்திருப்பது நல்லது.

ஏழு பேர்ச் என்பது எவ்வளவு?

கடந்த முப்பது ஆண்டுகளாகப் பல பெயர்களில் தோட்ட வீடமைப்புத் திட்டங்கள் வந்துபோயின. 2015க்குப் பிறகு, குடும்பத்துக்கு ஏழு பேர்ச் காணியில் தனி வீடு என்ற திட்டம் நடைமுறைக்கு வந்தது. இந்திய அரசாங்கத்தின் உதவியோடு தோட்டப்புறங்களில் முதலில் 4,000 வீடுகள் திட்டமிடப்பட்டன. 2017 மே மாதத்தில் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். அவை ஏறத்தாழ 550 சதுர அடி கொண்ட வீடுகள். 2018இல் பிரதேச சபைச் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. அதுவரை தோட்ட ரோட்டைப் போடவும் விளக்குப் போடவும் பிரதேச சபைக்குச் சட்டத்தில் இடம் இல்லை என்றே சொல்லி வந்தார்கள். அந்தத் தடை நீங்கியது. அதே ஆண்டில் பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கான புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகார சபையும் சட்டத்தால் அமைக்கப்பட்டது.

ஒரு பேர்ச் என்பது 272 சதுர அடிக்குச் சற்றுக் கூட. ஏழு பேர்ச் என்றால் ஏறத்தாழ 1,900 சதுர அடி. 120 சதுர அடிக் காம்பராவில் இருந்தவருக்கு இது பெரிதுதான். வீட்டைக் கட்டி, பின்னால் நான்கு கத்தரிக்கன்று, ஒரு முருங்கை, ஒரு கோழிக்கூடு வைக்கலாம். ஆனால் ஏக்கருக்கு 160 பேர்ச். அமெரிக்காவில் ஒரு குடும்பத்துக்குக் கொடுத்த 160 ஏக்கர் என்பது 25,600 பேர்ச். அதில் ஏழு பேர்ச் வீதம் பிரித்தால் 3,600க்கும் மேற்பட்ட குடும்பங்களைக் குடியேற்றலாம். இருநூறு ஆண்டுகள் காடு வெட்டி நாட்டுக்கு அந்நியச் செலாவணி தேடித்தந்த மக்கள் கேட்பது எவ்வளவு சிறியது என்பது இந்தக் கணக்கில் தெரிகிறது.

2023இல், நம் முன்னோர் வந்து இருநூறு ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மக்கள் நடந்து வந்தார்கள். அன்று முன்வைத்த கோரிக்கைகளில் காணியும் வீடும் முக்கியமானவை. இன்னும் லயத்திலேயே இருக்கும் குடும்பங்கள் ஏராளம். நுவரெலியாவோடு ஒப்பிட்டால் சப்ரகமுவத் தோட்டங்களில் நம் மக்கள் சிதறி வாழ்கிறார்கள். வாக்குப் பலமும் குறைவு. அதனால் நமது குரலை நாமே சேர்த்து உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது.

உறுதியில் யாருடைய பெயர்?

வீடு கிடைக்கும்போது கவனிக்க வேண்டிய மிக முக்கியமான விடயம் காகிதம். சாவி கையில் வந்ததும் நாம் மகிழ்ந்துபோகிறோம். புதுமனை புகுவிழாவில் பால் பொங்குகிறது. காகிதத்தை யாரும் கேட்பதில்லை. பிறகு பத்து ஆண்டு கழித்து, வங்கிக் கடனுக்கோ பிள்ளையின் விண்ணப்பத்துக்கோ போகும்போதுதான் கையில் ஒன்றும் இல்லை என்பது தெரிகிறது.

காகிதம் வந்தாலும் அதில் யாருடைய பெயர் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். "குடும்பத் தலைவர்" என்றதும் ஆணின் பெயரை எழுதுவது பழக்கம். ஒரு காலத்தில் தோட்டத்தில் பெண் உழைத்த சம்பளத்தையே ஆணின் கையில் கொடுத்தார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமான நாட்சம்பளம் வந்தது 1984இல்தான். காணி விடயமும் அப்படியே. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி கொடுத்த காணிகளில், உரித்தாளர் பெயர் குறிக்காமல் பெற்றவர் இறந்தால் ஆண்பிள்ளைக்கே முன்னுரிமை இருந்தது. 2022இல் கொண்டுவந்த திருத்தம்தான் அந்த வேறுபாட்டை நீக்கியது. ஒரு பழைய அநியாயம் மாற 87 ஆண்டுகள் ஆயின. சட்டம் மாறியதை அறியாமல் பழைய பழக்கத்தில் எழுதிவிடக் கூடாது.

ஆகவே, வீடோ காணியோ கிடைக்கும் சகோதரிகள் கீழ்க்கண்டவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்:

1. கையில் தருவது அனுமதிப்பத்திரமா, அளிப்புப் பத்திரமா, காணி உறுதியா? மூன்றும் ஒன்றல்ல.
2. கணவன், மனைவி இருவர் பெயரும் அதில் இருக்கிறதா? தனித்து வாழும் தாயானால் அவள் பெயரிலேயே எழுதப்படுகிறதா?
3. காணியை அளந்து வரைபடம் போட்டிருக்கிறதா? எல்லைக்கல் எங்கே இருக்கிறது?
4. காணிப் பதிவகத்தில் பதிந்தாயிற்றா? பதிவு இலக்கம் என்ன?
5. அந்த இடத்துக்கு மண்சரிவு ஆபத்து இல்லை என்று பரிசோதித்த அறிக்கை இருக்கிறதா?

இவற்றைக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைக்க வேண்டாம். தனியாகக் கேட்கத் தயக்கமாக இருந்தால் நான்கு பேர் சேர்ந்து கிராம உத்தியோகத்தரிடமோ பிரதேச செயலகத்திலோ கேளுங்கள். எழுதிக் கொடுத்துவிட்டுப் பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

மரக்குற்றியால் கட்டினாலும் சரி, சீமெந்துக் கல்லால் கட்டினாலும் சரி, வீட்டுக்கு மதிப்பைக் கொடுப்பது அது நிற்கும் நிலமும் அந்த நிலத்தின் காகிதத்தில் இருக்கும் பெயரும்தான். நம் தாய்மார் வாழ்நாள் முழுவதும் உழைத்துத் தாங்கிய கூரை அவர்களுக்குச் சொந்தமாகவில்லை. நம் பெண்பிள்ளைகளுக்காவது அது சொந்தமாக வேண்டும். "எங்கே இருக்கிறாய்?" என்று கேட்டால், எத்தனையாம் நம்பர் லயம் என்று சொல்லாமல், தன் வீட்டு இலக்கத்தையும் தெருவின் பெயரையும் அவள் சொல்ல வேண்டும். தபால்காரர் அவள் பெயரைக் கூப்பிட்டு, அவள் வாசலிலேயே கடிதத்தைக் கொடுக்க வேண்டும்.

அடுத்த மாதர் சங்கக் கூட்டத்தில் இந்த ஐந்து கேள்விகளையும் வாசித்துப் பேசுங்கள். உங்கள் லயத்தில் யார் யாருக்குக் காகிதம் இருக்கிறது, யாருக்கு இல்லை என்று ஒரு கொப்பியில் எழுதத் தொடங்குங்கள். எட்டுக் காம்பராவின் பெயர்களை எழுத அரை மணி நேரம் போதும்.